எந்த பார்ட்டிஷன் என்று கேட்ட பிறகு ஃபார்மேட் அடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அதன் பிறகு சிம்மக்கல்லில் இருந்து திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி வரை 'ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மாத்திக் குடுங்க' என்று கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். விண்டோஸ் 11 போடலாமா, லினக்ஸ் போடலாமா, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடலாமா என்றெல்லாம் பேசுகிறோம். எந்த பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கின் எந்தப் பகுதியில், போடுவது என்பதை மட்டும் கடைக்காரரிடமோ பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனிடமோ விட்டுவிடுகிறோம். ஓஎஸ் போடும் வேலையில் தவறினால் திரும்ப எடுப்பது அரிதான கட்டம் அதுதான். டிரைவர் (வன்பொருளை இயக்க உதவும் சிறு மென்பொருள்) சரியில்லை என்றால் மறுபடி போடலாம். ஓஎஸ் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். தவறான பார்ட்டிஷனை ஃபார்மேட் அடித்து, அதாவது அழித்துப் புதிதாக்கிவிட்டால், அதில் இருந்த பத்து வருடப் படங்களும் கணக்கும் பெரும்பாலும் போனதுதான். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

சி, டி, இ என்ற எழுத்துகள் டிஸ்க்கின் மேல் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டவை அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் வசதிக்காக வைத்துக்கொள்ளும் பெயர்கள் அவை. பென் டிரைவில் இருந்து பூட் செய்து, அதாவது கணினியைத் தொடக்கி, இன்ஸ்டால் திரைக்குப் போனால் அங்கே சி-யும் இல்லை, டி-யும் இல்லை. 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 1', 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 2' என்று வரிசையாக நிற்கும்; புதிய பதிப்புகளில் டிரைவ் என்பதற்குப் பதில் டிஸ்க் என்று இருக்கும். பக்கத்தில் மொத்த அளவு, காலி இடம், வகை. அவ்வளவுதான். தெருக்காரர்கள் வீட்டுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரைச் சொல்லிப் பத்திரம் பதிய முடியாது, சர்வே எண்ணும் சென்ட் கணக்கும் வேண்டும் அல்லவா? இங்கேயும் வரிசை எண்ணும் அளவும்தான் பேசும்.

ஆகவே பென் டிரைவைச் செருகுவதற்கு முன்பே, பழைய விண்டோஸ் ஓடும்போதே, ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மெண்ட்டைத் திறந்து, முழுத் திரையையும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த டிஸ்க், எத்தனை பார்ட்டிஷன், எது எத்தனை ஜிபி, எது என்ன வரிசை என்று எல்லாம் அதில் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு பெயர் கொடுங்கள்: ஒன்றுக்கு விண்டோஸ், ஒன்றுக்கு டேட்டா, ஒன்றுக்கு போட்டோ. 'நியூ வால்யூம்' என்ற பெயரிலேயே மூன்று டிரைவ் இருக்கும் கணினிகள் ஏராளம். வைத்த பெயர் இன்ஸ்டால் திரையிலும் பார்ட்டிஷன் எண்ணுக்குப் பக்கத்தில் தெரியும். செலவில்லாத இந்த ஒரு வேலை பெரும்பாலான விபத்துகளைத் தடுத்துவிடும்.

அளவைப் பார்க்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் அளவும் திரையில் வரும் அளவும் ஒன்றாக இருக்காது. 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும், 500 ஜிபி டிஸ்க் 465 என்றும், 256 ஜிபி எஸ்எஸ்டி 238 என்றும், 240 ஜிபி 223 என்றும் தெரியும். குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை, கணக்கிடும் முறை வேறு. டிஸ்க் 0 என்றால் எஸ்எஸ்டி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பல மதர்போர்டுகளில் ஹார்ட் டிஸ்க் 0 ஆகவும் புதிதாகப் போட்ட எஸ்எஸ்டி 1 ஆகவும் வரும். இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவும் அதே பட்டியலில் ஒரு டிஸ்க்காக நிற்கும்.

இரண்டு டிஸ்க் உள்ள கணினியில் எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடுவதாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டுப் போடுவதே சரி. தவறி ஃபார்மேட் ஆகும் பயம் இதற்குப் பாதிக் காரணம்தான். ஹார்ட் டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் ஆவதற்கான கோப்புகள் இருக்கும் சிறு பகுதி) இருந்தால், விண்டோஸ் தன் கோப்புகளை எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு, பூட் ஆவதற்கான கோப்புகளைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்துவிடும். அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் ஓடும். ஒரு வருடம் கழித்து ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய்க் கழற்றினால், எஸ்எஸ்டி நல்ல நிலையில் இருந்தும் கணினி பூட் ஆகாது. கேபிளைக் கழற்ற ஒரு நிமிடம் ஆகுமா?

இன்ஸ்டால் திரையில் 100 எம்பி, 16 எம்பி, 500 எம்பி என்று குட்டிக் குட்டியாகத் தெரியும் பார்ட்டிஷன்களைக் குப்பை என்று நினைத்து அழிக்கிறார்கள். 100 முதல் 260 எம்பி வரை இருப்பது இஎஃப்ஐ, கணினி பூட் ஆவதே அதில் இருந்துதான். 16 எம்பி மைக்ரோசாஃப்ட் ஒதுக்கி வைத்திருப்பது. 500 எம்பிக்கு மேல் இருப்பது ரெக்கவரி. அதே டிஸ்க்கில் டேட்டா பார்ட்டிஷன் ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்றால், பழைய விண்டோஸ் இருந்த பார்ட்டிஷனை மட்டும் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் கொடுத்து, நெக்ஸ்ட் அழுத்துங்கள். மற்றதைத் தொடாதீர்கள். டிஸ்க் முழுவதையும் புதிதாக்குவது என்றால் அந்த டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்துவிட்டு, ஒரே காலி இடமாக வந்ததும் அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால் போதும். தனக்கு வேண்டியதை விண்டோஸே பிரித்துக்கொள்ளும்.

'சி-யில் ஒன்றுமில்லை, எல்லாம் டி-யில்தான் இருக்கு' என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள்தான் இருக்கின்றன. மதுரை மாதிரி அச்சுத் தொழிலும் பிளெக்ஸ் தொழிலும் உள்ள ஊரில் இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: எழுத்துரு. பாமினி, வானவில் என்று வருடக்கணக்கில் சேர்த்து வைத்த தமிழ் எழுத்துருக்கள் சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கின்றன. டி-யில் இருக்கும் கல்யாணப் பத்திரிகை டிசைன் பத்திரமாக இருக்கும். திறந்தால் எழுத்தெல்லாம் பொருளில்லாத ஆங்கில எழுத்தும் குறியுமாக வரும். முகூர்த்த மாதத்தில் இது நடந்தால் அச்சகம் அன்றைக்கு மூடிக் கிடக்க வேண்டியதுதான். விண்டோஸ் 10-இன் 2018 கடைசியில் வந்த பதிப்பில் இருந்து, ஒரு யூசருக்கு மட்டும் போட்ட எழுத்துருக்கள் வேறோர் இடத்திலும் இருக்கலாம்: அந்த யூசரின் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். இரண்டு இடத்தையும் நகல் எடுக்க வேண்டும்.

கடைக் கணக்குக்கும் இதே கதி. டாலி கணக்கு மென்பொருளில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் அது சி-யில்தான் இருக்கும். அந்த ஃபோல்டரை நகல் எடுப்பதோடு, ஃபார்மேட்டுக்கு முன் லைசென்ஸை சரண்டர் செய்துவிடவும் வேண்டும். அவுட்லுக்கில் மெயில் பார்ப்பவர்களின் பிஎஸ்டி கோப்பு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர் ஆகியவற்றையும் மறக்கக் கூடாது.

ஒரு நல்ல வழி உண்டு. புதிய ஓஎஸ் போட்டதுமே டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், லொகேஷன் என்று போய் அதை டேட்டா டிரைவுக்கு மாற்றிவிடலாம். டெஸ்க்டாப்பையும் அப்படியே மாற்றலாம். ஆனால் டேட்டா டிரைவில் முதலில் ஒரு தனி ஃபோல்டர் உருவாக்கி, அதைத்தான் காட்ட வேண்டும். டிரைவையே நேராகக் காட்டிவிட்டால் டிரைவ் முழுவதும் டெஸ்க்டாப் ஆகிவிடும். பிறகு பிரித்தெடுப்பது பெரும் தொல்லை. டி-யில் வைத்துவிட்டால் பேக்கப் ஆகிவிட்டது என்ற எண்ணமும் தவறு. சி-யும் டி-யும் ஒரே டிஸ்க் என்றால் டிஸ்க் போகிற அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே போகும். பேக்கப் என்பது இன்னொரு டிஸ்க்.

சிலர் முன்யோசனையாக, பழைய விண்டோஸ் சி-யில் இருக்கட்டும், புதியதை டி-யில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பழையதை அழிக்கலாம் என்கிறார்கள். யோசனை நல்லதுதான், ஆனால் பின்விளைவு தெரிந்து செய்ய வேண்டும். பென் டிரைவில் இருந்து பூட் செய்து இரண்டாவது பார்ட்டிஷனில் விண்டோஸ் போட்டால், புதிய விண்டோஸ் உள்ளே போனதும் தன்னை சி என்றே சொல்லும், பழையதை டி என்று காட்டும். எழுத்தைப் பார்த்து 'பழைய டி' என்று ஃபார்மேட் அடிக்கிறவர் உண்மையில் எதை அடிக்கிறார் என்பதை அளவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பழைய எம்பிஆர் வகை டிஸ்க்கில் (இந்த வகை பற்றி அடுத்துச் சொல்கிறேன்) இன்னொரு சிக்கலும் உண்டு. பூட் ஆகும் கோப்புகள் 'ஆக்டிவ்' என்று குறிக்கப்பட்ட முதல் பார்ட்டிஷனிலேயே இருந்துவிடும். அது பழைய விண்டோஸ் இருந்த பார்ட்டிஷனாக இருந்து, அதை அழித்தால், புதிய விண்டோஸ் அப்படியே இருந்தும் எழுந்திருக்காது. அழிப்பதற்கு முன்பே பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளைப் புதிய பார்ட்டிஷனில் எழுதி, அதை ஆக்டிவ் ஆக்கிவிட வேண்டும்.

எம்பிஆர், ஜிபிடி என்ற இரண்டு வகை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. டிஸ்க்கின் தொடக்கத்தில் பார்ட்டிஷன் கணக்கை எழுதி வைக்கும் முறைகள் இவை. எம்பிஆரில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன் மட்டுமே வைக்கலாம், சுமார் 2 டிபிக்கு மேல் பார்க்கவும் தெரியாது. ஜிபிடியில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன் வரை அனுமதிக்கும். யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகும் கணினியில் விண்டோஸ் போட டிஸ்க் ஜிபிடியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்தாலும் 'இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கும். அப்போது பதறி எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்துவிடுகிறார்கள். டேட்டா போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரிகிறதா என்று பாருங்கள்: ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. விண்டோஸ் 10-ஐயே மறுபடி போடுவதாக இருந்தால், யுஇஎஃப்ஐ இல்லாததைத் தேர்ந்தெடுத்து பூட் செய்தால் எம்பிஆர் டிஸ்க்கிலேயே போட்டுக்கொள்ளலாம்.

விண்டோஸ் 11 வேண்டும் என்றால் முறைப்படி ஜிபிடிக்குப் போக வேண்டும். டேட்டாவை அழிக்காமல் மாற்றித் தர எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை மைக்ரோசாஃப்ட்டே 2017-இல் விண்டோஸ் 10-உடன் கொடுத்தது. அதிலும் ஒரு நிபந்தனை: பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (உள்ளே பல டிரைவ்களை வைத்துக்கொள்ளும் வகை) இருக்கவே கூடாது. நம் பக்கத்துப் பழைய டெஸ்க்டாப்புகளில் சி பிரைமரியாகவும் டி, இ இரண்டும் எக்ஸ்டெண்டட்டுக்குள்ளும் இருப்பது சாதாரணம். அவற்றில் இந்தக் கருவி வேலை செய்யாது. வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு முழுவதையும் அழித்துப் போடுவதே பாதுகாப்பான வழி.

எம்பிஆரில் நான்கு பார்ட்டிஷன் இருக்கும்போது, சி-யைச் சுருக்கி ஐந்தாவதாக ஒன்று உருவாக்கப் போனால், டிஸ்க் மேனேஜ்மெண்ட் 'டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா' என்று கேட்கும். யெஸ் கொடுக்காதீர்கள். மாறிவிட்டால் புதிய ஓஎஸ் எதையும் எளிதில் அங்கே போட முடியாது.

எவ்வளவு ஒதுக்குவது? விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச டிஸ்க் 64 ஜிபி. அது போட்டு முடிக்க மட்டுமே போதும். மாதாந்திர அப்டேட், பேஜ் ஃபைல், ஹைபர்நேட் கோப்பு, பெரிய அப்டேட் வரும்போது பத்து நாள் வரை தங்கும் பழைய விண்டோஸ் ஃபோல்டர் எல்லாம் சேர்ந்தால் ஒரு வருடத்தில் சிவப்புக் கோடு வந்துவிடும். 150 ஜிபி கொடுப்பது நிம்மதி, வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் 200 கொடுக்கலாம். 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரிப்பதில் பயனில்லை. முழுவதையும் ஓஎஸ்ஸுக்கு விட்டுவிட்டு டேட்டாவை ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். இன்ஸ்டால் திரையில் அளவை எம்பியில் கேட்கும் என்பதையும் கவனியுங்கள். 150 ஜிபிக்கு 153600 என்று அடிக்க வேண்டும். எஸ்எஸ்டி வாங்க வழியில்லாமல் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே போடுகிறவர்கள் முதல் பார்ட்டிஷனில் போடட்டும். சுழலும் தட்டின் வெளிவிளிம்பு அங்கே வரும், படிக்கும் வேகம் கொஞ்சம் கூடும்.

'இப்போ சின்னதாப் போட்டுட்டு அப்புறம் பெருசாக்கிக்கலாம்' என்பது நடப்பதில்லை. சி-யைப் பெரிதாக்க வேண்டுமானால் காலி இடம் அதற்கு ஒட்டினாற்போல் வலப்பக்கத்தில் இருக்க வேண்டும். சி-க்கும் டி-க்கும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-யின் வலப்பக்கத்தில்தான் விழும். அதனால்தான் பெரிதாக்கும் கட்டளையான 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கிக் கிடக்கிறது. ஜிபார்ட்டட் போன்ற கருவியால் பார்ட்டிஷனை நகர்த்தலாம், ஆனால் அது அத்தனை கோப்பையும் இடம் மாற்றி எழுதும் வேலை. 400 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் மின்சாரம் போனால் அந்த பார்ட்டிஷன் பாதி இங்கும் பாதி அங்குமாக நின்றுவிடும். சாதாரண யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. நம் ஊரில் மாதப் பராமரிப்பு மின்தடை நாளைப் பார்க்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

புதிய லேப்டாப்புகளில் வேறு இரண்டு தடைகள். ஒன்று, டிஸ்க்கே தெரியாது. இண்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்புகளில் எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் இன்ஸ்டால் திரையில் டிஸ்க் பட்டியல் காலியாக வரும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல், இண்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் விரித்து வைத்து, லோட் டிரைவர் வழியாக ஏற்றினால் டிஸ்க் வந்துவிடும். இன்னொன்று பிட்லாக்கர், டிஸ்க்கைக் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த பல விண்டோஸ் 11 லேப்டாப்புகளில், உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். சி-யை மட்டும் ஃபார்மேட் அடித்துப் புதிதாகப் போட்டாலும், தொடாமல் விட்ட டி டிரைவ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் டி-யை யாராலும் திறக்க முடியாது. எனவே முதலில் அந்தக் கணக்கில் நுழைந்து எண்ணை எழுதி வையுங்கள், அல்லது என்கிரிப்ஷனை முழுவதும் நீக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

லினக்ஸ் பக்கம் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. விண்டோஸுக்குள்ளேயே சி அல்லது டி-யைச் சுருக்கி 50 ஜிபி காலி இடம் விட்டுக்கொள்ளுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லினக்ஸில் இருந்து விண்டோஸ் பார்ட்டிஷனில் எழுத முடியாது. இன்ஸ்டால் செய்யும்போது 'டிஸ்க் முழுவதையும் அழி' என்ற தேர்வைத் தவிர்த்து, நாமே பிரிக்கும் தேர்வை எடுங்கள். இருக்கிற இஎஃப்ஐயைப் பயன்படுத்தலாம், ஃபார்மேட் குறி மட்டும் கூடாது. அரசு 2011 முதல் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பல, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தவை. இடம் வேண்டும் என்று விண்டோஸில் இருந்துகொண்டு லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால், மறுமுறை பூட் ஆகும்போது 'கிரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரையில் நின்றுவிடும். பூட் செய்யும் நிரல் அழித்த பார்ட்டிஷனில் இருந்ததுதான் காரணம். விண்டோஸ் ரிப்பேர் டிஸ்க்கால் எம்பிஆரைத் திருத்தி எழுதினால் விண்டோஸ் வந்துவிடும். அதற்காக முழு ஃபார்மேட் தேவையில்லை. யாராவது தேவை என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தவறான பார்ட்டிஷன் ஃபார்மேட் ஆகிவிட்டது என்று தெரிந்த நொடியில் பவரை அணைத்துவிடுங்கள். ஓஎஸ்ஸைத் தொடர்ந்து போடவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் பழைய கோப்பின் மேல் புதிய கோப்பு எழுதப்படும். ஹார்ட் டிஸ்க்காக இருந்து விரைவு ஃபார்மேட் மட்டும் ஆகியிருந்தால், அதை வேறு கணினியில் இணைத்துப் பெரும்பகுதியை மீட்க வாய்ப்பு உண்டு. மீட்ட கோப்புகளை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஃபார்மேட் ஆகும்போதே டிரிம் கட்டளை போய், அந்த இடங்கள் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிந்துவிடும். பிறகு அதுவே துடைத்துவிடும்.

கணினிக் கடை நடத்தும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓஎஸ் போட வரும் கணினிக்கு ரசீது எழுதும்போது 'ஃபார்மேட், ஓஎஸ்' என்று இரண்டு சொல்லோடு நிறுத்தாமல், எந்த டிஸ்க், எத்தனை ஜிபி பார்ட்டிஷன் அழிக்கப்படும், எது தொடப்படாது என்று எழுதி வாடிக்கையாளர் கையெழுத்து வாங்குங்கள். எழுத்துரு, டாலி, டெஸ்க்டாப் மூன்றையும் நகல் எடுத்தாயிற்றா என்று அதிலேயே ஒரு வரி சேருங்கள். வாடிக்கையாளர்கள் அந்த வரி இல்லாத ரசீதை வாங்காமல் நின்று கேளுங்கள். நகல் எடுக்க ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும் என்று கடைக்காரர் சொன்னால், அதற்கான கூலியைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்புத் தொழிலில் இருக்கும் வாசகர்,
புதூர், மதுரை.